பேச்சு வெளியே போகாத அறை

என்ஜினியரம்மா,

நேற்று பல்லடம் சாலையில் என் வண்டியின் செயின் கழன்றுவிட்டது. மெக்கானிக் மாட்டும்போது நானும் பிடித்துக்கொண்டிருந்ததால் என் கையெல்லாம் கிரீஸ். துடைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட்டை நீட்டினார். கழுத்துப் பட்டி நறுக்கியதில் மிஞ்சிய சுருள், கைப்பகுதியின் ஓரம், பாதி அச்சான ஏதோ ஓர் ஆங்கில எழுத்து. வெளுப்பு மருந்தும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இந்தப் பனியன் ஊரில் பிழைக்கிறவனுக்கு அந்த வாசனை ஆகாமல் போகக் கூடாது. வீட்டுக் கால்மிதியும் அதுதான், தலையணைக்குள் அடைத்திருப்பதும் அதுதான். ஆனால் எனக்கு அது நீங்கள் கட்டிய சுவரின் வாசனை. நீங்கள் காலமாகி இரண்டு ஆடி கடந்த பிறகும், அந்தத் துணியைக் கீழே போட்டுவிட்டு என் வேட்டியிலேயே கையைத் துடைத்துக்கொண்டேன்.

உங்களை நான் முதலில் பார்த்தது இரண்டாயிரங்களின் நடுவில். ஆற்றில் ஓடும் நிறத்தைப் பார்த்து அந்த வாரம் என்ன ஆர்டர் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்த காலம். சாயக் கழிவைச் சுத்தம் செய்யாமல் திருட்டுத்தனமாக ஆற்றில் விடும் பட்டறைகளைப் பிடிக்க, அரசு அலுவலகம் ஒன்றில் தனிப் பிரிவு தொடங்கியிருந்தார்கள். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. எந்தப் பட்டறையில் எப்போது சோதனை போடுவது என்று முடிவெடுப்பதும், அந்தக் காகிதங்களைப் பூட்டி வைப்பதும், பட்டறைக்குள்ளிருந்து தகவல் சொல்ல வருகிறவர்களிடம் வாக்குமூலம் வாங்குவதும் ஒரே அறையில் நடக்க வேண்டும், அங்கே பேசுவதில் ஒரு சொல்கூட வெளியே போகக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. கட்டிடப் பிரிவில் உதவிப் பொறியாளராக இருந்த உங்கள் தலையில் அந்த வேலை விழுந்தது.

மாலைப் பத்திரிகை நிருபன் நான். அலுவலகத்தின் பின்பக்கம் செங்கல் இறங்குவதைப் பார்த்து எட்டிப் பார்த்தேன். நீங்கள் சாரத்தின் அடியிலிருந்து வந்து வழியை மறித்து நின்றீர்கள்.

"ஏனுங்க ரிப்போர்ட்டர், இங்க என்னங்க சோலி?"

"சும்மா பாக்கலாம்னுங்க."

"சும்மா பாக்கறதுக்கு இதென்ன பொருட்காட்சிங்களா? இப்படி ஒரு அறை இருக்குதுன்னு ஊருக்குத் தெரிஞ்சாவே, செவுத்துல ஒரு ஓட்டை போட்ட மாதிரிங்க. போயிட்டு வாங்க."

போய்விட்டேன். சில வாரம் கழித்து நீங்களே கூப்பிட்டு அனுப்பினீர்கள். சுவர் எழும்பியிருந்தது. அதைச் சோதிக்க ஒரு காது வேண்டுமாம். "ஆபீஸ்காரங்க காது கேட்டாலும் கேக்கலைன்னு சொல்லும். ஒட்டுக் கேட்டே பொழைக்கற காது வேணுமுங்க" என்றீர்கள். எழுதுவதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டீர்கள்.

நீங்கள் விளக்கியது இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. அறைக்குள் இன்னோர் அறை. ஜன்னல் கிடையாது. செங்கல் சுவர் இரட்டை, நடுவில் இடைவெளி, அதில் நெருப்புப் பிடிக்காத, சத்தத்தை விழுங்கும் ராக்வூல் பலகை. சுவர் பொய்க்கூரையோடு நின்றுவிடாமல் மேலே கான்கிரீட் வரை போய் முட்ட வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு கூரைமேல் ஏறி அடுத்த அறையில் இறங்கும். ஏசி குழாயை நேராக விடாமல் வளைத்து வளைத்து விட்டிருந்தீர்கள், சத்தம் வழியிலேயே செத்துப்போவதற்காக. கதவுகள் இரண்டு. ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். செல்போன்களை வெளியே விட்டுச் செல்ல, செருப்பு ஸ்டாண்டு போல ஒரு மர அடுக்கு.

"ஒரு பீரோ நிறைய காயிதத்துக்கு இத்தனையுங்களா?" என்று கேட்டேன்.

"காயிதத்துக்குப் பூட்டு போதுமுங்க. இது பேசற ஆளுக்கு. பட்டறையில வேலை பாத்துக்கிட்டே பட்டறையப் பத்திச் சொல்ல வர்றவங்களுக்கு வேற என்ன இருக்குதுங்க, இந்தச் செவுத்தை உட்டா?"

அன்று உள்ளே ரேடியோவை வைத்துக் கதவுகளை மூடினீர்கள். நான் வெளியே சுவரில் காதை வைத்தேன். செய்தி வாசிப்பவர் குரல் வரி வரியாகக் கேட்டது. அதைச் சொன்னதும் நீங்கள் வெளிச்சுவரில் மின்பெட்டிக்காக விட்டிருந்த துவாரத்துக்குப் போய், குனிந்து மோந்து பார்த்தீர்கள். உங்கள் முகம் மாறியது.

"பனியன் வாசம் வருதுங்களே."

கான்ட்ராக்டர் வெள்ளைச் சட்டையும் சந்தனமுமாக நின்றிருந்தார். பதற்றமே இல்லை. "எல்லாம் ஒண்ணுதானுங்க அம்மா. பஞ்சு சத்தத்தை உறிஞ்சுமுங்க."

நீங்கள் கடப்பாரையை வாங்கி ஒரு கொத்தனாரிடம் கொடுத்து, காட்டிய இடத்தில் இடிக்கச் சொன்னீர்கள். செங்கல் பெயர்ந்ததும் உள்ளேயிருந்து பனியன் வேஸ்ட் குடல் சரிவதுபோல் சரிந்தது. நீலம், மஞ்சள், ரோஸ். ராக்வூல் பலகை ஒன்றுகூட இல்லை. மழையில் நனைந்த மூட்டைகளை அப்படியே திணித்திருக்கிறார்கள். பூஞ்சை பிடித்துப் பிசுபிசுவென்றிருந்தது. நடுவில் ஒரு சட்டைக் கழுத்துக்குள் கண் திறக்காத எலிக்குஞ்சுகள் நெளிந்தன. ஓர் அரசாங்கத்தின் ரகசியத்தைக் காக்க வேண்டிய சுவரின் வயிறு அது. அந்தப் பூஞ்சை நாற்றம் என் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை.

கான்ட்ராக்டர் சிரித்தார். "இந்த ஊருல எந்தச் செவுத்தை இடிச்சாலும் உள்ள பனியன்தானுங்க இருக்கும்."

"இருக்கட்டுங்க. இந்த ஒரு செவுத்துல இருக்காது" என்றீர்கள்.

மொத்தச் சுவரையும் இடிக்க வைத்தீர்கள். அவர் யார் யாரிடமோ பேசிப் பார்த்தார். உங்களுக்கும் போன் வந்தது. நீங்கள் கேட்டுக்கொண்டு, "செரிங்க, செரிங்க" என்று சொல்லிவிட்டு, இடிப்பதை நிறுத்தவில்லை. ராக்வூல் வந்து இறங்கியபோது ஒவ்வொரு பலகையையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வரிசைச் செங்கல் வைக்க விட்டீர்கள்.

இரண்டாம் சோதனைக்கு ரேடியோ வேண்டாம் என்று நீங்களே உள்ளே போனீர்கள். முதல் கதவு மூடியது, இரண்டாவதும் மூடியது. நான் சுவரில் ஒரு காது வைத்தேன், மறு காது வைத்தேன், கதவின் அடியில் படுத்தும் பார்த்தேன். என் மூச்சுதான் கேட்டது. வெகு நேரம் கழித்து முகம் சிவந்து, தொண்டை கட்டி, புடவைத் தலைப்பால் வேர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தீர்கள்.

"ஏதாச்சும் கேட்டுதுங்களா?"

"ஒண்ணுமே கேக்கலீங்க. உள்ள என்னங்க பண்ணுனீங்க?"

"தொண்டை கிழியத் திட்டுனேனுங்க. கான்ட்ராக்டரு, இந்த ஆபீசு அதிகாரி, எங்க டிவிசன் ஆபீசு, ஒருத்தரையும் உடலீங்க." ஒரு நொடி நிறுத்தி, "உங்களையும் சேத்துத்தானுங்க" என்றீர்கள்.

"நான் என்னங்க பண்ணுனேன்?"

"அது உள்ளயே இருக்கட்டுங்க."

நீங்கள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதன் பிறகு நடந்தவற்றில் சிரிக்க ஒன்றும் இல்லை.

திறப்பு விழா வைத்தார்கள். ரகசிய அறைக்குத் திறப்பு விழா! ஷாமியானா, மேளம், கேசரி. வாசலில் ஆள் உயரப் பிளெக்ஸ். ஒரு பக்கம் பிரிவு அதிகாரியின் படம், மறுபக்கம் கான்ட்ராக்டரின் படம், நடுவில் அறையின் வரைபடம். சுவர் எவ்வளவு கனம், குழாய் எங்கே வளைகிறது, கதவு எப்படித் திறக்கிறது, எல்லாம் பளிச்சென்று வண்ணத்தில். நீங்கள் அதன் முன் அசையாமல் நின்றீர்கள். கான்ட்ராக்டர் ஓடி வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மா. உங்க பேரு உட்டுப்போச்சு. அடுத்ததுல பெருசாப் போட்டுடறேனுங்க."

உங்கள் கோபம் அதற்குத்தான் என்று அவர் உண்மையாகவே நம்பினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? யாரைப் பிடிக்க அந்த அறையைக் கட்டினீர்களோ அதே சாயப் பட்டறை முதலாளிகள். அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அவர்களை உள்ளே கூட்டிப்போய், "தட்டிப் பாருங்க, தட்டிப் பாருங்க" என்று சுவரைக் காட்டினார். ஒரு முதலாளி வெளியே வந்து உங்களிடம், "எங்க சேம்பிள் ரூமுக்கும் இப்படி ஒண்ணு கட்டித் தருவீங்களா அம்மா? டிசைனை அடுத்த கம்பெனிக்காரன் திருடிப்போடறானுங்க" என்று மரியாதையாகக் கேட்டார். கையில் கொடுத்த கேசரியை நீங்கள் தொடக்கூட இல்லை. இலையோடு கொண்டுபோய்க் குப்பைக் கூடையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினீர்கள்.

அடுத்து உங்களைத் தாராபுரம் பக்கம் ஒரு பள்ளிக் கட்டிட வேலைக்குப் போட்டார்கள். மழைக்காலம் தொடங்கியிருந்தபோது, கதவடி ரப்பரை மாற்ற ஒருநாள் வந்தீர்கள். வேறு செய்திக்காக வந்த நான் கேட்டருகே உங்களைப் பார்த்தேன். ரப்பர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கான்ட்ராக்டர் இவரைவிடப் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் நடந்தீர்கள்.

பின்பக்கம் ஒரு புங்க மரம் உண்டு. அதிகாரியைப் பார்க்க வரும் முதலாளிகளின் கார்கள் அதன் நிழலில் நிற்கும். டிரைவர்கள் கூடினால் சீட்டுக்கட்டும் சிரிப்புமாக இருக்கும். அன்று ஒருவரும் பேசவில்லை. கதாகாலட்சேபம் கேட்பவர்களைப் போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது.

"மழை இறங்குனாப் போதும் சார், தொட்டிக்குப் பின்னால இருக்க பலகையத் தூக்கிருவாவ. அடியில ஆத்துக்குப் போற குழா கெடக்கு. நாந்தான தொட்டி கழுவுதேன், என் கண்ணால பாத்தேன். அந்தத் தண்ணியில குளிச்சு எம்புள்ளைக்கு மேலெல்லாம் புண்ணு..."

உங்கள் சுவரின் வடகிழக்கு மூலையில், ஆள் தலைக்கு மேலே, ஒரு சாண் சதுரத்துக்கு ஓட்டை. இரண்டு சுவரையும் துளைத்து, ராக்வூலை அறுத்து, விளிம்பில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள்.

கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த இளம் டிரைவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னான்: "திருநெல்வேலிப் பேச்சுங்ணா. எங்க கம்பெனில தொட்டி கழுவறதுல இப்படிப் பேசற பொம்பள ஒண்ணே ஒண்ணுதான்."

நீங்கள் ரப்பர் சுருளைக் கீழே போட்டீர்கள். அவன் கையில் இருந்த பனியன் வேஸ்ட்டைப் பிடுங்கினீர்கள். திறந்திருந்த டிக்கியில் அவன் வைத்திருந்த மூட்டையையும் தூக்கினீர்கள்.

"அம்மா, அது வண்டி தொடைக்கற துணிங்க!"

"தெரியுது கண்ணு. தள்ளு."

டிரைவர்கள் உட்கார்ந்திருந்த கல்லின்மேல் ஏறி நின்று, கை கையாக எடுத்து அந்த ஓட்டைக்குள் திணித்தீர்கள். எந்தப் பனியன் வேஸ்ட்டை அந்தச் சுவருக்குள்ளிருந்து பிடுங்கிப் போட்டீர்களோ, அதையே உங்கள் கையால் உள்ளே திணித்தீர்கள். கடைசிப் பிடி போனதும் அந்தப் பெண்ணின் குரல் நடுச்சொல்லில் அறுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். இளம் டிரைவர் காருக்குப் பின்னால் நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தான்.

நீங்கள் உள்ளே ஓடினீர்கள். நானும் பின்னால் வந்தேன். கதவுகள் இரண்டும் மூடியிருந்தன, செல்போன்கள் மர அடுக்கில் ஒழுங்காக இருந்தன. அந்த ஒழுங்கைப் பார்க்கத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. உள்ளே கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறோடு ஒரு பெண், சாயம் ஏறிய நகங்களை மறைத்துக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். உங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"எம்மா, வெளிய கேட்டுட்டா?"

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அவருக்கு அதுவே போதும்.

"சுவரு இம்புட்டுத் தடியா இருக்கேன்னு நம்பித்தானே பேசுனேன்" என்றார்.

அதிகாரி நாற்காலியை விட்டு எழவில்லை. "அம்மா, யாரைக் கேட்டு அதை அடைச்சீங்க? அது ஈசானியம்" என்றார். இந்த ஊரில் ஆர்டர் குறைந்தால் தரத்தைப் பார்ப்பதற்கு முன் வாஸ்துக்காரரைக் கூப்பிட்டு வாசல் கேட்டை மாற்றுவார்கள். அவரும் பதவி உயர்வு தள்ளிப்போனதும் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். ஈசானியம் மூடிய அறையில் உட்காருகிறவன் மேலே வரமாட்டான் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். கான்ட்ராக்டரே இலவசமாகத் துளைத்துக் கொடுத்தாராம்.

"சார், இது ரகசிய அறைங்க."

"ரகசியம் கதவு வழியாத்தாம்மா போகும். அது வழியா காத்துதான வருது?"

"காத்து வர்ற வழியில பேச்சு போகுமுங்க சார்."

"ஒரு சாண் ஓட்டைல என்னம்மா போயிரும்?"

அன்று பொழுது சாய்வதற்குள், பட்டறை முதலாளிக்கே சொந்தமான லைன் வீட்டிலிருந்து அந்தப் பெண்ணின் சாமான்கள் தெருவுக்கு வந்தன. ஸ்டவ், குடம், மாதா படம், பள்ளிப் பை. மறுநாள் அதிகாரி சோதனைக்குப் போனபோது, பலகை இருந்த இடத்தில் ஈரம் காயாத சிமெண்ட் தரை. அதன்மேல் ஒரு துளசித் தொட்டி. அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு அதைச் சுற்றிப்போனார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார்.

நான் செய்தி எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் 'ஓட்டை' என்பதை 'காற்றோட்ட வசதி' என்று திருத்தி, உள்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டார். பக்கத்திலேயே ஒரு சாயப் பட்டறையின் தீபாவளி வாழ்த்து விளம்பரம். வெட்டி எடுத்து உங்களிடம் காட்டினேன். படித்துவிட்டு, "உங்க பத்திரிகையும் பனியன் வேஸ்ட்டுதானுங்க" என்றீர்கள். வெட்டியதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

விசாரணை நடந்தது. போதிய காற்றோட்டம் இல்லாமல் அறையை வடிவமைத்ததால் அதிகாரி துவாரம் அமைக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது என்று முடிவெடுத்து, உங்களுக்கு மெமோ கொடுத்தார்கள். உங்கள் ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தது. விடைபெறும் விழாவில் அவர் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா, ஈசானியம் தொறந்ததும் வந்துருச்சு" என்றார். வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டேன்.

நீங்கள் மெமோவுக்காக அழவில்லை. அந்தப் பெண்ணையும் மகளையும் சாமளாபுரத்தில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் குடிவைத்து, விசைத்தறியில் வேலை வாங்கிக் கொடுத்தீர்கள். முதல் மாதம் அவர் உங்களோடு பேசவே இல்லை. "பேசாட்டிப் போகுதுங்க, அந்தம்மா என்னைத் திட்டோணும். அதாச்சும் காதுல கேட்டா நல்லா இருக்கும்" என்று என்னிடம் சொன்னீர்கள். உங்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று, அந்த அம்மாதான் வளர்ந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றார். மகளின் கையில் பழைய புண்களின் தழும்பு வெளிறித் தெரிந்தது.

நேற்று வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அந்த அலுவலகத்துக்குப் போனேன். பிரிவு எப்போதோ கலைந்துவிட்டது. உங்கள் அறையில் உடைந்த நாற்காலிகளும், பழைய விழாக்களின் பிளெக்ஸ் சுருள்களும் கிடக்கின்றன. இரட்டைக் கதவில் ஒன்று கழன்று சுவரில் சாய்ந்திருக்கிறது. ஈசானிய ஓட்டையில் புறாக்கள் குடியிருக்கின்றன. அவை கூட்டுக்கு வைத்திருப்பது பனியன் நூல். சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது, ஒரு வெடிப்பு இல்லை. நான் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் மருத்துவமனையில் இருந்தபோது ஒரு மதியம் துணிந்து கேட்டேன்: "அன்னிக்கு உள்ள போய் என்னை என்னன்னுங்க திட்டுனீங்க?"

குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தீர்கள். "வெளிய உடக் கூடாதுங்க."

அந்தப் பெண்ணின் பேச்சு வெளியே போயிற்று, அறையின் வரைபடமே பிளெக்ஸில் தொங்கியது. ஓட்டை விழுவதற்கு முன் நீங்கள் தொண்டை கிழியக் கத்திய அந்தத் திட்டு ஒன்றுதான் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. இந்த ஊரில் ஒழுங்காகக் காப்பாற்றப்பட்ட அரசாங்க ரகசியம் எனக்குத் தெரிந்து அது மட்டும்தான். என்ன வார்த்தை என்று தெரியாமலே அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் செய்தி எழுதி முடித்ததும், இதற்கு அது பொருந்துமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.

பல நாள் பொருந்துகிறதுங்க.